குத்துச்சண்டைச் சீட்டு விற்பனை: சிங்கப்பூர், கோலாலம்பூர்

சிங்கப்பூரில் கட்டணக் குத்துச்சண்டையை வளர்த்தவை கேளிக்கைப் பூங்காக்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரில் 1923இல் நியூ வோர்ல்டு திறக்கப்பட்டது. சைனாடவுனிலிருந்து அதிகத் தொலைவில்லாத கிம் செங் சாலையில் 1931இல் கிரேட் வோர்ல்டு வந்தது. சீன நாடகம், மலாய் பங்சாவான் நாடகம், மல்யுத்தம் ஆகியவற்றோடு குத்துச்சண்டையும் அங்கே கூட்டம் சேர்த்தது. மேடையோர இருக்கைக்கு அதிக விலை, பின்வரிசைக்குக் குறைந்த விலை என்பதால் கூலித் தொழிலாளியும் பார்க்க முடிந்தது.

பெரும்பணம் மட்டும் அமெரிக்க ஹெவிவெயிட் வீரர்களைச் சுற்றியே திரண்டது. 1921இல் ஜாக் டெம்ப்சி, பிரான்சின் ஜார்ஜ் கார்பென்டியேருடன் மோதியபோது சீட்டு வசூல் முதன்முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 1927இல் சிகாகோவில் டெம்ப்சி, டன்னி என்ற வீரருடன் மோதிய மறுபோட்டி 26 லட்சத்துக்கும் மேல் ஈட்டியது. ஹெவிவெயிட் பட்டம் எடைக்கு மேல்வரம்பு இல்லாதது என்பதால், அதை வென்றவரையே உலகின் தலைசிறந்த வீரராக மக்கள் கொண்டாடினர்.

அந்த ஈர்ப்பு மலாயாத் தீபகற்பத்துக்கு நேரில் வந்தது 1975 ஜூலை 1 அன்று. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், ஹெவிவெயிட் பட்டத்துக்கான போட்டியில் முகமது அலி, ஜோ பக்னரை 15 சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்றார். அமெரிக்கத் திரையரங்குகளில் மாலை நேர நேரடிக் காட்சிக்குச் சீட்டு விற்க வேண்டியிருந்ததால், போட்டி இங்கே காலை நேரத்தில், புழுக்கத்தில் நடத்தப்பட்டது. நேரில் வந்த ரசிகரைவிடத் தொலைவிலிருந்த பார்வையாளரின் பணமே நேரத்தை முடிவு செய்தது. மூன்று மாதம் கழித்து மணிலாவில் நடந்த அலி–ஃபிரேசியர் போட்டியும் அதே காரணத்தால் காலையில்தான் தொடங்கியது.