ஜல்லிப் போட்டி, 1883

1883-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மெரிடன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு போட்டி. ஆளுக்கு 9 கன கெஜம் கல். யாருடைய கிரஷர் முதலில் உடைத்து முடிக்கும்?

ஒரு பக்கம் ஈலை விட்னி பிளேக். பருத்தி ஜின் புகழ் ஈலை விட்னியின் சகோதரி மகன். 1850களின் தொடக்கத்தில் நியூ ஹேவன் பக்கம் இரண்டு மைல் சாலைக்கு ஜல்லி போடும் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. அப்போதெல்லாம் ஜல்லி என்றால் ஆட்கள் உட்கார்ந்து சுத்தியலால் உடைப்பதுதான். அதற்கு ஒரு இயந்திரம் செய்து, 1858-இல் காப்புரிமை வாங்கும்போது மனுஷனுக்கு வயது 63! நம்ம ஊர் குவாரிகளில் ஓடும் 'ஜா கிரஷர்' அதன் வாரிசுதான். ஒரு தாடை அசையாது. இன்னொன்று முன்னும் பின்னும் அசைந்து கல்லை நெரிக்கும்.

எதிரே கேட்ஸின் கிரஷர். 1881 காப்புரிமை. புனல் மாதிரி தொட்டிக்குள் ஒரு கூம்பு சாய்ந்தபடி வட்டமிடும்.

முடிவு: கேட்ஸ் 20½ நிமிடம், பிளேக் 64½ நிமிடம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? தாடை பின்னால் போகும் பாதி நேரம் கல் உடைவதே இல்லை. எங்க தொழிலில் சொன்னால், ப்ராசஸர் பாதி நேரம் சும்மா இருக்கிறது. கூம்போ, எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பக்கம் நெரித்துக்கொண்டே இருக்கும்.

வேகப் பிரச்சினை இப்படி 25 வருடத்தில் தீர்ந்தது. மின்சாரச் செலவு அப்படித் தீரவில்லை. சுரங்கத்தில் தாதுவை ஜல்லியாக்கினால் போதாது, மாவாக்க வேண்டும். ஃப்ரெட் பாண்ட் 1952-இல் தந்த விதிப்படி, பொடியை நாலில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கினால் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த வேலையைச் செய்யும் பால் மில்லில், இரும்பு உருண்டைகள் விழுந்து மோதும் ஆற்றலில் பெரும்பகுதி கல்லை உடைக்காமல் சூடாகவே போய்விடுகிறது.

ஜெர்மானியப் பேராசிரியர் கிளவுஸ் ஷோனர்ட் இதைத் தலைகீழாக யோசித்தார். அடிக்காதே, அழுத்து. இரண்டு உருளைகளுக்கு நடுவில் கல் குவியலையே திணித்தால், கல்லே கல்லை உடைக்கும். 1980களின் நடுவில் சிமென்ட் ஆலைகளில் இது ஓடத் தொடங்கியது. கடினமான தாதுவில் உருளையின் மேற்பரப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் சுரங்கக்காரர்கள் தயங்கினார்கள். பெருவின் செர்ரோ வெர்டே செம்புச் சுரங்கத்துக்கு 2006-இல்தான் போனது. அங்கேயும் உருளைகளுக்கு அடுத்து பால் மில்தான் நிற்கிறது.