தாயின் பெயரும் மகளின் சாப்பாட்டு டப்பாவும்

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டை வீசிய விமானத்துக்கு ஒரு பெண்ணின் பெயர்: எனோலா கே. விமானி பால் டிபெட்ஸ் தன் தாயின் பெயரைத் தன் ஜன்னலுக்குக் கீழே எழுதவைத்திருந்தார். அன்றைய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் முன்பகுதியில் காதலிகளின் பெயர்களையும் அரைநிர்வாணப் பெண்களின் படங்களையும் வரைவது வழக்கம்தான்.

பெண்கள் அங்கே வெறும் படமாக மட்டும் இருக்கவில்லை. எனோலா கே, பி-29 வகையைச் சேர்ந்தது. நான்கு எஞ்சின்கள் கொண்ட இந்தக் கனரக விமானம் ஒன்பது டன் வரை குண்டு சுமக்கும். ஆண்கள் போருக்குப் போய்விட, விசிட்டா, மரியெட்டா நகர ஆலைகளில் பெண்கள் இதற்கு ரிவெட் அடித்தார்கள், மின்கம்பிகளைப் பொருத்தினார்கள்.

இதை ஓட்டிய பெண்களும் உண்டு. தொடக்கத்தில் பி-29 எஞ்சின்கள் அடிக்கடி தீப்பிடித்தன. ஆண் விமானிகள் ஏறத் தயங்கினார்கள். 1944இல் இதே டிபெட்ஸ், 'வாஸ்ப்' என்ற பெண் விமானிகள் அமைப்பிலிருந்து டோரா டோஹர்ட்டி, டொரதியா ஜான்சன் இருவரையும் அழைத்து, சில நாள் பயிற்சி கொடுத்து ஓட்டச் சொன்னார். ஓட்டிக் காட்டினார்கள். 'பெண்ணே ஓட்டுகிறாள், உனக்கென்ன பயம்?' என்று ஆண்களைக் கூச வைக்கவே அந்த ஏற்பாடு. வேலை முடிந்ததும் மேலிடம் அதை நிறுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் வாஸ்ப் அமைப்பே கலைக்கப்பட்டது. பணியில் உயிரிழந்த 38 பெண்களுக்கு ராணுவ மரியாதை கிடைக்கவில்லை. ராணுவத்தினர் என்ற அங்கீகாரம் 1977இல்தான் வந்தது.

இங்கேயே நிறுத்தினால் இது மறக்கப்பட்ட சாதனைப் பெண்களின் கதையாக முடியும். ஆனால் விமானத்துக்குக் கீழேயும் பெண்கள் இருந்தார்கள்.

1945 மார்ச் 9 இரவு ஏறத்தாழ 280 பி-29 விமானங்கள் டோக்கியோவின் மரவீடுகள் மீது தீக்குண்டுகளைக் கொட்டின. விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். இளம் ஆண்கள் பலர் படையில் இருந்த காலம் அது. வீடுகளில் இருந்தவர்கள் அதிகமும் பெண்கள், குழந்தைகள், முதியோர். இத்தகைய தீ பரவாமலிருக்க, ஜப்பானிய அரசு மற்ற நகரங்களில் வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கியது. ஹிரோஷிமாவில் அந்த வேலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆகஸ்ட் 6 காலை ஆயிரக்கணக்கான சிறுமிகளும் சிறுவர்களும் அணுகுண்டுக்குக் கீழே திறந்தவெளியில் நின்றது அதனால்தான். அவர்களை அங்கே நிறுத்தியது அவர்களுடைய அரசு; குண்டை வீசியது எதிரி அரசு.

போரில் பெண்ணுக்கு வேறொரு இடமும் இருந்தது. முதல் உலகப் போரில் செவிலியாக வேலை செய்து, காதலனையும் தம்பியையும் இழந்தவர் ஆங்கில எழுத்தாளர் வேரா பிரிட்டன். 1944இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜெர்மன் நகரங்கள் மீது தன் நாடு குண்டு வீசுவதைக் கண்டித்து எழுதினார். அமெரிக்காவிலும் அது வெளியாகி, வசைகள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, வாஷிங்டனிலுள்ள தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகம் எனோலா கேவைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டது. ஹிரோஷிமாவிலிருந்து ஒரு பள்ளிச் சிறுமியின் சாப்பாட்டு டப்பாவையும் அருகில் வைக்க நினைத்தார்கள். உள்ளே சோறும் பட்டாணியும் கரியாகியிருந்தன. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். 1995 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. ஜூனில் விமானத்தின் முன்பகுதி மக்கள் பார்வைக்கு வந்தது. தாயின் பெயர் அதில் இருந்தது. சிறுமியின் டப்பா வரவில்லை.

அந்த விமானத்தில் பெண்ணின் உழைப்புக்கும் திறமைக்கும் பெயருக்கும் இடமிருந்தது. எந்த ஊரை எரிப்பது என்று முடிவெடுத்தவர்கள் ஆண்கள். அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கேட்பதா, அந்த மேசையே வேண்டாம் என்பதா? இரண்டும் பெண்ணுரிமையின் பெயரால் கேட்கப்படுகின்றன. பதில் சொல்லும்போது அந்த டப்பாவும் நம் கண்முன் இருக்கட்டும்.