ஆண்களின் அளவுகோலில் பெண்களின் ரத்தம்

கிள்ளானில் இருக்கும் ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 1.8 என்று வருகிறது. சென்னையில் இருக்கும் அவர் சித்தி மகளுக்கு 52. வாட்ஸ்அப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறும். உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான். மலேசிய ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று எழுதுகின்றன. இந்தியாவில் பல ஆய்வுக்கூடங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதுகின்றன. முன்னதை 28.8ஆல் பெருக்கினால் பின்னது வந்துவிடும். ஆனால் அந்த 1.8ஐ எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி இத்தனை எளிதில் தீராது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் இந்த ஹார்மோனுக்கு அளவுகோல் சேவலின் கொண்டை. 1920களின் இறுதியில் சிகாகோவில் ஃப்ரெட் கோச்சும் லெமுவெல் மெக்கீயும் காளை விரைகளின் சாரத்தைக் காயடித்த சேவல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். சுருங்கிக் கிடந்த கொண்டை நிமிர்ந்தது. எவ்வளவு வளர்ச்சியோ அவ்வளவு ஹார்மோன் என்பது கணக்கு. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு, நூறு கிலோ விரையிலிருந்து 10 மில்லிகிராம் அளவுக்குப் பிரித்தெடுத்து ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று பெயர் சூட்டியது. விரை என்ற சொல் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் இதே ஹார்மோனைச் சுரக்கின்றன என்பது அந்தப் பெயரில் மறைந்துபோனது.

அதே ஆண்டு சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு தவறியவர்கள், சிலருக்கு முகத்தில் முடி. இன்று நாம் பிசிஓஎஸ், சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்வது அதைத்தான். அன்று ரத்தத்தில் ஹார்மோனை அளக்க வழியில்லை. வயிற்றைத் திறந்துதான் உறுதிப்படுத்தினார்கள்.

நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறை இந்தக் கதவைத் திறந்தது. 1970 வாக்கில் டெஸ்டோஸ்டிரோனையும் அப்படி அளக்க முடிந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் தானியங்கிக் கருவிகள் வந்தன. வேகம் கூடியது, விலை குறைந்தது, துல்லியம் தவறியது. அந்தக் கருவிகளில் உள்ள எதிர்ப்பொருள், சாயலில் ஒத்த வேறு ஸ்டிராய்டுகளையும் டெஸ்டோஸ்டிரோன் என்றே எண்ணிக்கொள்ளும். ஆணின் ரத்தத்தில் அந்தப் பிழை கரைந்துவிடும். பெண்ணுக்கு இருப்பதோ ஆணின் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. அங்கே பிழையே முடிவாகிவிடும். 2003இல் பத்து வகைச் சோதனைகளை ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு இதை அம்பலப்படுத்தியது. இது ஊகத்தைவிட மேலானதா என்று அப்போது ஒரு தலையங்கமே கேட்டது. எத்தனை பெண்கள் அதற்குள் அந்த எண்ணை வைத்து மருந்து வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மலேசியப் பல்கலைக்கழகப் பெண் ஊழியர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குப் பிசிஓஎஸ் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் அழகு நிலையங்களில், நூலால் முடி எடுக்க மேலுதட்டுத் தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்தபடி கண் கலங்க உட்கார்ந்திருக்கும் பெண்களில் சிலருக்காவது அந்த நூலைவிட ஒரு மருத்துவர் தேவை. முடி வளர்ச்சியைக் கண்ணால் பார்த்து இடும் ஃபெரிமன்-கால்வே மதிப்பெண் 1961இல் லண்டனில் பிறந்தது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் கவலை என்பது இனத்துக்கு இனம் மாறும்.

பண்டார் சன்வேயில் 1998 முதல் கிளை வைத்திருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்திரேலியத் தலைமையகம் முன்னின்று தயாரித்த 2023ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டி, எதிர்ப்பொருளை நம்பாமல் மூலக்கூறின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைநிறமாலை முறையில் அளப்பதையே பரிந்துரைக்கிறது. மொத்த அளவோடு கட்டற்ற அளவையும் பார்க்கச் சொல்கிறது. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதத்தோடு கட்டுண்டது. ஒன்றிரண்டு விழுக்காடுதான் கட்டற்றது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். அப்போது கட்டற்றது கூடி, மொத்த அளவு இயல்பாகவே இருந்தாலும் முகத்தில் முடி வளரலாம்.

கருத்தடை மாத்திரை அதே புரதத்தை ஏற்றிவிடும். அதனால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மூன்று மாதமாவது நிறுத்திய பிறகே சோதிப்பார்கள். இன்னொன்று: முடி கொட்டுகிறதே என்று பலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரை, சில தானியங்கிச் சோதனைகளில் டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ரத்தம் எடுக்கப் போகும்போது அந்த டப்பாவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.