அறிவித்த நாளும் அளித்த நாளும்

ஹிஜ்ரி 1364 ரமளான் பிறை 9, வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் ஆராயப்பெற்று ஸஹர் வேளையில் முடிவான இந்தோனேசிய விடுதலைப் பிரகடனத்தை, 1945 ஆகஸ்ட் 17 காலையில் ஜகார்த்தாவில் தம் இல்லத்தின் முன் நின்று சுகர்னோ வாசித்தார்.

டச்சு அரசு ஆட்சியுரிமையைக் கையளித்ததோ நான்காண்டுப் போராட்டத்திற்குப் பின், 1949 டிசம்பர் 27-இல். அந்நாளையே விடுதலை நாளாக அவ்வரசு நெடுங்காலம் கணக்கிட்டது. இந்தோனேசியர் அதனை ஏற்கவில்லை. நோன்பு நாளில் தாமே அறிவித்ததையே கொண்டாடுகின்றனர்.

அரண்மனை விழாவில் கொடியேற்றும் அணி 17, 8, 45 பேர் எனப் பிரிக்கப்படுவது அந்நாளின் கணக்கே. சிற்றூர்களிலோ வழுக்கும் கமுகமரத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவராய் ஏறி உச்சியிலுள்ள பரிசுகளைப் பறிக்கின்றனர். டச்சுக்காரர் காலத்து வேடிக்கையென்று முகஞ்சுளிப்போரும் அங்குண்டு. நமக்கு அது குறையாகப் படவில்லை.

ஆகஸ்ட் 17-ஐத் தயக்கமின்றி ஏற்பதாக டச்சுப் பிரதமர் மார்க் ருத்தே நாடாளுமன்றத்தில் கூறியது 2023-இல்தான்.