மாநில வாக்குரிமைச் சட்டங்கள் (அமெரிக்கா)

1965-ஆம் ஆண்டின் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்துக்குத் துணையாக அமெரிக்க மாநிலங்கள் சில இயற்றிய சட்டங்கள். முன்னோடி கலிபோர்னியா. 2002-இல் கையெழுத்தான அதன் சட்டம், ஊர் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் முறையைக் குறிவைத்தது. 51 விழுக்காட்டினர் ஒருமித்து நின்றால் அத்தனை இடங்களும் அவர்களுக்கே. மற்றவர்கள் வாக்களித்தும் குரலற்றவர்கள். சிறுபான்மையினர் ஒரு தனித் தொகுதியில் பெரும்பான்மையாகத் திரள முடியும் என்று வழக்குத் தொடுப்போர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கூட்டாட்சி நிபந்தனை இங்கே இல்லை. வாக்குகள் இனவாரியாகப் பிரிவதைக் காட்டுவதே அடிப்படை. வழக்குத் தொடுப்போருக்கு இது சிறிய சலுகையல்ல: வழக்குச் செலவுக்கு அஞ்சியே பல நகரங்கள் வட்டாரத் தொகுதிகளுக்கு மாறின. 2013-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1965 சட்டத்தில் இருந்த, தேர்தல் விதிமாற்றங்களுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கோரும் ஏற்பாட்டை முடக்கியது. நியூயார்க் 2022-இல், குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸ் பெயரிலான சட்டத்தில், அதையே மாநில அளவில் உயிர்ப்பித்தது.