ஓசையும் திருத்தமும்: இலங்கையில் மொறிஸ் மைனர் கார் – ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறி ஆக்கப்பட்ட ஆண்டும் ஆக்கியவரின் பெயரும் நூல்களில் இடம்பெறுகின்றன. அது தேய்ந்தபோது திருத்தி மீண்டும் ஓடவைத்தோர் அவற்றில் இடம்பெறுவது அரிது. ஆயின் பொறியைத் தானே ஆக்காது இறக்குமதி செய்த நாடொன்றின் தொழினுட்ப வரலாற்றில் பின்னவர்க்கே முதன்மையான இடமுண்டு. இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரின் அடியில் எழும் ஓசையும், அதன் காரணத்தை அறிந்து திருத்தும் முறையும் இதற்குத் தக்க சான்றாகும்.

சில்லு மேடுபள்ளங்களில் ஏறியிறங்கும்போது அவ்வதிர்ச்சி வண்டியின் உடலைச் சென்றடையாது தடுப்பதே வில்லின் பணியாகும். இங்கிலாந்தில் ஒபடாயா எலியட் என்பார் 1804ஆம் ஆண்டளவில் குதிரை வண்டிகளுக்கு நீள்வளைய வடிவான தகட்டு வில்லை அமைத்தார். அடுக்கப்பட்ட உருக்குத் தகடுகள் வளையுந்தோறும் ஒன்றோடொன்று உராய்கின்றன. இவ்வுராய்வு வண்டியின் ஆட்டத்தை ஓரளவு அடக்குகின்றது. கிறீச்சிடும் ஓசையையும் அதுவே எழுப்புகின்றது. எனவே ஓசை வில்லோடு உடன்பிறந்தது எனலாம். பிற்காலத்தில் மூட்டுகளில் இறப்பர் புஷ்கள் பொருத்தப்பட்டன. இறப்பர் தன்னுள்ளே முறுகி அசைவுக்கு இடங்கொடுத்தமையால் ஓசை குறைந்தது. ஆனால் எண்ணெயும் வெப்பமும் பட்ட இறப்பர் நைந்துபோக, அடங்கிய ஓசை மீண்டும் எழுந்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு ஒற்றோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. 10 இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் இதுவே. இதன் முன்சில்லுகள் முறுக்குக் கோல்களால் தனித்தனியே தாங்கப்பட்டன. பின்புறத்திலோ பழைய தகட்டு வில்லே நின்றது. முன்சில்லைத் தாங்கும் தண்டின் இரு முனைகளிலும் திருகுபுரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவை திரனியன் எனப்படும் பிடிகளினுள் சுழன்றன. இப்புரிகளுக்குக் காலந்தவறாது கிறீஸ் இடப்படாவிடின் அவை தேய்ந்து, ஈற்றில் தண்டு கழன்று, சில்லு காரின் கீழ் மடிந்துவிடும். ஆதலால் இக்காரின் ஓசை வெறும் இடையூறன்று. உயிராபத்தை முன்னறிவிக்கும் எச்சரிக்கையுமாகும்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயமாக்கல் வரை இந்நிலை பெரிதும் நீடித்தது. உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்குமிடத்தில், ஐயத்துக்குரிய உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பழுதை அறியலாம். அது அரிதாகுமிடத்திலோ, கழற்றுவதற்கு முன்பே பழுதுற்ற உறுப்பு எதுவெனத் துணிதல் வேண்டும். பற்றாக்குறை இவ்வாறு நோயறிதலை ஒரு கலையாக்கியது.

அக்கலைக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. பள்ளத்தில் இறங்கும்போது பின்புறம் கிறீச்சிட்டால் உலர்ந்த வில்லுத் தகடுகளும், 'டக்' என ஒலித்தால் வில்லின் முனைகளிலுள்ள இறப்பர் புஷ்களும் ஐயத்துக்குரியவை. காரின் மூலையொன்றை அழுத்திவிட, அது பலமுறை மேலுங்கீழும் ஆடின், அதிர்வுத் தணிப்பியில் எண்ணெய் குறைந்திருக்கலாம். முன்புற ஓசையாயின், சில்லை ஜக்கினால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தல் வேண்டும். ஆட்டம் காணப்படின், ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க மீண்டும் அசைத்துப் பார்க்கப்படும். அப்போது ஆட்டம் மறைந்தால் தேய்வு சில்லின் பெயறிங்கில் உள்ளது. மறையாவிடின் திரனியனிலோ அதனைச் சார்ந்த மூட்டுகளிலோ உள்ளது. ஒரு காரணத்தை விலக்கி மற்றொன்றை நிறுவும் இம்முறை, ஆய்வுகூடத்தில் கையாளப்படும் தருக்கத்தினின்றும் வேறானதன்று.

1990ஆம் ஆண்டின் பின் வடக்கில் நிலவிய பொருளாதாரத் தடை இவ்வறிவைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தியது. பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரிபொருள் மாற்றம் பலராலும் நினைவுகூரப்படுகின்றது. ஆனால் சீர்கெட்ட வீதிகளில் அக்கார்களின் சில்லுகளையும் மூட்டுகளையும் ஓடும் நிலையில் வைத்திருந்த உழைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இவ்வறிவு செவியாலும் கையாலும் குருவிடமிருந்து மாணவனுக்குச் சென்றது. ஏட்டில் ஏறியது சிறிதே. கணினி கொண்டு பழுதறியும் இக்காலத்தில் முதிய திருத்துநர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் பேணும் வரலாற்றுத் துறை, கராஜ்களில் எஞ்சியிருக்கும் இவ்வாய்மொழிச் சான்றுகளையும் பதிவுசெய்தல் வேண்டும். அது காலந்தாழ்த்தக்கூடாத கடனாகும்.