குற்றாலத்துக்கு வந்த கொக்கோ

சீனி சேர்க்காத கறுப்புச் சாக்லேட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால், புதூர்க் கரிசல் காட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அதுவும் 1798-ஆம் வருஷத்துச் சம்பந்தம்.

அந்த வருஷத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொக்கோச் செடியை முதன்முதலாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். நட்ட இடம் குற்றாலம். செடி வந்தது கீழ்க்கடலில் உள்ள அம்பாய்னாத் தீவிலிருந்து. அதை 1796-ல்தான் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடுங்கியிருந்தார்கள். டச்சுக்காரர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கிராம்பையும் சாதிக்காயையும் குற்றாலச் சாரலில் வளர்த்துப் பார்க்கலாம் என்பது கம்பெனியாரின் கணக்கு. அந்தக் கணக்கில் கொக்கோவும் சேர்ந்துகொண்டது.

அதே வருஷம் குற்றாலத்துக்கு இன்னொருவரும் வந்தார். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன்தான். கிஸ்தி விவகாரமாகக் கலெக்டர் ஜாக்ஸனைப் பார்க்க வந்தவருக்கு அங்கே பேட்டி கிடைக்கவில்லை. கலெக்டர் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பார்க்க முடிந்தது. அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்ததும், அடுத்த வருஷம் அக்டோபரில் கயத்தாற்றில் அவரைத் தூக்கில் போட்டதும் நம்மில் எல்லோருக்கும் தெரிந்த கதை. காத்திருந்த நேரத்தில் அவர் அந்தக் கன்றைப் பார்த்திருப்பாரா என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. சரித்திரம் எழுத உட்கார்ந்துவிட்டு நாவல் எழுதக் கூடாது; விட்டுவிடுகிறேன்.

கொக்கோவுக்கு நிழலும் ஈரமும் இடைவிடாமல் வேண்டும். எங்கள் பக்கமோ ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விதைக்கிற சீமை. கோடையில் நிலம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஆனால் கொக்கோவின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் இங்கே நிலைத்துவிட்டார்கள். ஒன்று மிளகாய், மற்றொன்று நிலக்கடலை. மூன்றுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்ஸிகோவில் அஸ்டெக் மக்கள் கொக்கோக் கொட்டையை வறுத்து அரைத்து, மிளகாய் சேர்த்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். சில சமயம் தேன் விடுவதுண்டு. கரும்பு என்பதே அவர்களுக்குத் தெரியாது. அது வெள்ளைக்காரன் கப்பலில் அங்கே போய்ச் சேர்ந்தது. ஸ்பானியர் கைக்கு வந்த பிறகுதான் சாக்லேட் இனிக்க ஆரம்பித்தது. கட்டியாகக் கடித்துத் தின்கிற சாக்லேட் 1847-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து பிரை கம்பெனியார் செய்தது. பால் சேர்ந்தது ஸ்விட்ஸர்லாந்தில், 1875-ல். ஆகவே, சீனி சேர்க்காத சாக்லேட் என்று இன்று புதுமையாக விற்பது உண்மையில் பழையதிலும் பழையது.

இனி மற்றோர் இழை. குற்றாலத்தில் கன்று நட்டதற்கு முந்தின வருஷம், 1797-ல், ஜான் ரோலோ என்ற ராணுவ வைத்தியர் லண்டனில் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். நீரிழிவு கண்ட மெரடித் என்ற காப்டனுக்குத் தானியத்தையும் காய்கனியையும் பெரும்பாலும் நிறுத்தி, மாமிசமும் கொழுப்புமாகக் கொடுத்ததில் சிறுநீரில் சர்க்கரை நின்றது என்று அதில் எழுதினார். சிறுநீர் இனிப்பதும் அதில் எறும்பு மொய்ப்பதும் நம் நாட்டு வைத்தியர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். மதுமேகம் என்று பெயரே வைத்திருந்தார்கள். ஆனால் மாவுச்சத்தைக் குறைத்து நோயாளியை நடத்திய விவரத்தை மேல்நாட்டில் முதலில் எழுதி வைத்தவர்களில் ரோலோ முக்கியமானவர். பிறகு 1863-ல் வில்லியம் பாண்டிங் என்ற லண்டன்காரர், சவ அடக்கத் தொழில் செய்து பிழைத்தவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டுத் தாம் இளைத்த வரலாற்றைச் சிறு பிரசுரமாகப் போட்டார். 1922-ல் டொரன்டோவில் ஒரு பையனுக்கு இன்ஸுலின் ஊசி போட்டுப் பிழைக்க வைக்கும் வரை, நீரிழிவுக்காரர்களுக்குப் பத்தியத்தை விட்டால் வேறு கதியில்லை.

குற்றாலத்து இழையும் லண்டன் இழையும் வந்து முடிச்சிட்டுக்கொண்டது புதூரில் என் சித்தி வீட்டில். சித்திக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சீனி வியாதி. ஒரு கால் விரலை எடுத்தாயிற்று. பேரன் பட்டணத்திலிருந்து வாங்கிவந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "ஏய்யா, இதத் தின்னா சீனி ஏறாதுன்னு போட்டிருக்காம்லா, நெசந்தானா?" என்று கேட்டாள்.

மேலட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் மால்டிடால் என்றும் இருந்தது. சீனி இல்லை என்பது பொய்யில்லை. ஆனால் மால்டிடால் ஏறக்குறைய சீனி அளவுக்கே இனிக்கும். அதில் ஒரு பங்கு குடலில் குளுகோஸாக மாறி இரத்தத்தில் ஏறத்தான் செய்யும், சீனியைவிடக் குறைவாக ஏறும், அவ்வளவுதான். அதிகம் தின்றால் வயிறு வேறு கட்டுக்கு நிற்காது. எரித்ரிடால் என்று போட்டிருந்தால் பரவாயில்லை. அதில் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் போய்விடும். இனிப்பே போடாத வகையானால் நூற்றுக்கு எவ்வளவு கொக்கோ என்று பார்க்க வேண்டும். 70 என்று போட்டிருந்தால் மீதி 30-ல் பெரும்பாலும் சீனிதான். 85 என்றால் மீதி 15. அப்படிப்பட்டதில் 10 கிராம் துண்டு ஒன்றைத் தின்றால் உள்ளே போவது ஒன்றரை கிராம் சீனி. என் அபிப்பிராயத்தில், ஜாலம் செய்கிற இனிப்பைவிட நேர்மையான கசப்பு மேல்.

சித்திக்கு என் பதில் ரசிக்கவில்லை. "அப்பம் கருப்பட்டியே தேவல" என்றாள். இந்தத் 'தேவல' தான் எங்கள் பக்கத்தில் பல விரல்களை வாங்கிக்கொண்டிருக்கிறது. கருப்பட்டியில் சுண்ணாம்பு மணமும் இரும்புச் சத்தும் என்ன இருந்தாலும், அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். பனையிலிருந்து வந்தால் என்ன, கரும்பிலிருந்து வந்தால் என்ன, இரத்தத்துக்கு ஜாதி வித்தியாசம் தெரியாது. கம்பங்கூழும் அப்படித்தான்: 100 கிராம் கம்பில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் முன்பு கருப்பட்டிப் பாகில் பிடித்ததுதான். 1940-களில் பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்துக்கு மாற்றித் தொழிலைப் பெருக்கினார். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப் பெருமை எனக்கும் உண்டு. இருந்தாலும், அதில் சித்திக்கு உரியது கடலை மட்டும். வறுத்த கடலையில் மாவுச்சத்து குறைவு, கொழுப்பும் புரதமும் அதிகம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், யாரோ சொன்னார்கள் என்று சோற்றைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழ நேரிடும். மருந்தின் அளவை டாக்டர் மாற்றித் தந்த பிறகே பத்தியம் தொடங்க வேண்டும். சித்தி போனாள், மருந்தும் குறைந்தது. இப்போது சாயந்தரம் ஒரு பிடி வறுகடலையும் நகத்தளவு கறுப்புச் சாக்லேட்டும். முதலில் "வேப்பங்கொட்டை" என்று துப்பினவள், இப்போது பேரனுக்குக் கொடுக்காமல் ஒளித்து வைக்கிறாள்.

குற்றாலத்துக் கொக்கோ பெரிய பயிராக வளரவில்லை. வியாபாரத்துக்கான சாகுபடிக்கு 1960-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கேட்பரி கம்பெனியார் 1965-ல் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரிப் பண்ணை போட்டார்கள். பிறகு அது தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகப் பரவிப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் வந்தது. சித்திக்காக நான் பின்னால் வாங்கிய கட்டி பொள்ளாச்சித் தோப்பில் விளைந்த கொட்டையிலிருந்து செய்தது. சேர்மானம் என்ற இடத்தில் கொக்கோவும் கொஞ்சம் சீனியும் தவிர வேறு பெயர் இல்லை.